இடது சீட்டில் ஒரு மூட்டை

கேரள எல்லையில், கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் நிற்கிறவர்களுக்கு அருள்குமாரின் தலையை நன்றாகத் தெரியும். உடம்பின் மிச்சத்தைப் பலர் பார்த்ததில்லை. வைக்கோல் லாரிக்கும் கோழி வண்டிக்கும் இடையில் ஆள் இடுப்பு உயரத்தில் ஒரு சிவப்பு வண்டி வந்து நிற்கும். மேற்கூரை மடங்கிக் கிடக்கும். உள்ளே பச்சைத் துண்டை உருமால் கட்டிய ஒரு தலை. "போங்கண்ணா" என்று கையைக் காட்டிவிட்டு அவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைத் தன் வண்டிக்கு விழுகிற சல்யூட் என்றே அருள்குமார் இத்தனை வருடமாக எடுத்துக்கொண்டு வருகிறான். அவனைத் திருத்த யாருக்கும் மனசு வந்ததில்லை.

வயது நாற்பத்தெட்டு. கோவிந்தாபுரத்துக்கும் முதலமடைக்கும் நடுவில் தென்னந்தோப்பு, ஓரமாகக் கொஞ்சம் மாமரம், நாலு கறவை மாடு. மாடு அவன் மனைவி செல்வப்பிரியாவின் இலாகா. அதில் அவன் தலையிடுவதில்லை, தலையிட்டால் மாடு உதைக்கும். மற்றபடி அந்தத் தோட்டத்தில் சுற்றுகிற, ஓடுகிற, இரைகிற எதுவானாலும் அவன் கைபடாமல் தப்பியதில்லை. போர்வெல் மோட்டாரை வெளியே இழுத்துப் போட்டுத் தானே பிரித்துத் தானே சேர்த்தவன். "ஆயிரும்" என்பது அவனுடைய வார்த்தை. எதைக் கேட்டாலும் "ஆயிருமுங்க" என்பான். பத்தில் எட்டு ஆகியும்விடும். ஆகாமல் போனவற்றில் ஒன்று மிக்ஸி. அது அவிழ்ந்த கோலத்திலேயே சமையலறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சிவப்பு வண்டி ஜப்பானில் செய்தது. இரண்டே சீட்டு. வயது இருபதுக்கு மேல். கோயமுத்தூரில் ஒரு மில் முதலாளி வீட்டுப் பையன் அதைப் பந்தயத் தடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான். படிக்கிற காலத்தில் அந்தத் தடத்தின் வேலிக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தவன் அருள்குமார். வண்டி விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்ததும் மறுயோசனை இல்லாமல் போய் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"ஏனுங்க, இதென்ன, பொம்மைக் காரா?" என்று கேட்டாள் செல்வப்பிரியா. கேட்டாளே தவிர, முந்தானையைச் செருகிக்கொண்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்ததும் அவள்தான். கல்யாணமான புதிதில் இவனுடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வால்பாறை வரைக்கும் போய் வந்தவள். வேகத்துக்குப் பயந்த ஆள் இல்லை.

அவளை வைத்துக்கொண்டு அவன் முதலில் போன ஊர் மறையூர். அவள் தங்கை கற்பகத்தை அங்கே ஒரு கரும்புக்காரர் வீட்டில் கொடுத்திருக்கிறது. தங்கை மகனுக்குக் காது குத்து. பொள்ளாச்சி, உடுமலை வரை சமாளித்துவிட்டாள். வண்டியோ பந்தயத் தடத்துக்கென்று தாழ்த்தி, விறைப்பான ஸ்பிரிங் போட்டு வைத்த வண்டி. ரோட்டில் கிடக்கிற பீடித்துண்டின் மேல் ஏறினால்கூட முதுகுத்தண்டுக்குத் தகவல் வந்து சேரும். சின்னாறு தாண்டி மலை ஏறும்போது ரோடு அந்த வருட மழையில் அரித்துக் கிடந்தது. "சித்த நிறுத்துங்க" என்றாள். "இதா வந்தாச்சு, அந்த வளைவு தாண்டுனா மறையூர்தான்" என்றான். இன்னொரு தரம் சொன்னாள். அதற்கும் ஒரு வளைவைக் காட்டினான். மூன்றாவது தரம் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாள். தங்கை வீட்டு வாசலில் இறங்கியபோது அவளால் நிமிர முடியவில்லை.

திரும்பி வந்தது வாடகை ஜீப்பில். அப்புறம் பாலக்காட்டில் டாக்டர், பலகைக் கட்டில், இடுப்புக்கு பெல்ட். ஒரு மாதத்துக்கு மேல் படுக்கை. அந்த நாட்களில் மாட்டையும் அவன்தான் பார்த்தான், சோறும் அவன்தான் ஆக்கினான், உதையும் வாங்கினான். எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு ஒருநாள் பால் கறந்துகொண்டே, குரலை உயர்த்தாமல், "இனி அந்த வண்டியில நான் ஏற மாட்டேனுங்க" என்றாள். சொன்னபடியே ஏறவும் இல்லை. ஐந்து வருடம் ஓடிவிட்டது.

எந்தக் குறையைச் சொன்னாலும் அதில் ஸ்பேனரால் சரி செய்யக்கூடிய பகுதி மட்டும் காதில் விழுகிற ஆள் அருள்குமார். அவள் சொன்னது ஸ்பிரிங்கைப் பற்றித்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டிக்கொண்டான். சரி செய்யலாம், ஆயிரும் என்று இருந்தான். தேங்காய் விலை, மகள் கல்யாணம், தென்னையில் வெள்ளை ஈ என்று ஒவ்வொன்றாக வந்து அந்த வேலை தள்ளிப் போயிற்று. இடது பக்கத்து சீட்டில் தவிட்டு மூட்டை வந்தது, மோட்டார் வந்தது, ஒருமுறை கால் கட்டிய இரண்டு சேவல்கள் வந்தன. கடைவீதியில் யாராவது "என்னுங்க, ஊட்டுல வர்லீங்களா?" என்று கேட்டால், "அவளுக்கு மாட்டு சோலி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிடுவான். அந்தக் கேள்வி மட்டும் அவனுக்குச் சுருக்கென்று தைக்கும்.

மகள் திருப்பூருக்குப் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். அவள் ஸ்கூட்டரில் பால் சொசைட்டிக்குப் போவாள். இவன் காரில் மண்டிக்குப் போவான். ஒரே ரோடு, ஒரே நேரம், இரண்டு வண்டி. கண்ணாடியில் அவள் ஸ்கூட்டர் பின்னால் வருவதைப் பார்க்கும்போது அவனுக்கு வெட்கமாகக்கூட இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது திட்டிக்கொண்டே வர வேண்டியவள் அவள். அது இல்லாமல் அந்த வண்டி ஓட்டுவதில் பாதி சுகம் போய்விட்டிருந்தது.

போன தை மாதம் கற்பகம் மறையூரில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். அழைப்பு வந்த அன்றைக்கே செல்வப்பிரியா பஸ் நேரம் விசாரிக்க ஆரம்பித்தாள்.

"பஸ்ஸு எதுக்கு? என்ற வண்டியில போலாம்" என்றான் அருள்குமார்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாலை வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"புதுசா அத்தனையும் மாத்தறேன் பிரியா. உன்ற முதுகுக்கு ஒரு குலுக்கல் தெரியாது. நானாச்சு."

"பாக்கலாமுங்க" என்றாள்.

வேறு யாராயிருந்தாலும் அதை 'மாட்டேன்' என்று புரிந்துகொண்டிருப்பார்கள். அருள்குமார் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். ஒன்று மட்டும் அவனுக்கே தெரிந்திருந்தது: இந்த முறையும் அவள் பஸ்ஸில் போய்விட்டால் அப்புறம் அந்த சீட்டில் எந்தக் காலத்திலும் உட்கார மாட்டாள்.

மறுநாளே கொல்லங்கோட்டில் சுடலைமணியின் ஒர்க்ஷாப்புக்குப் போனான். சுடலைமணி மூணாறு எஸ்டேட்டில் பிறந்து, எஸ்டேட் ஜீப்புகளில் கை பழகி, பெண் எடுத்த ஊரிலேயே கடை போட்டவன். வண்டியைத் தூக்கி நிறுத்திக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு அவன் சொன்னது இதுதான்:

"ஸ்பிரிங் விறைப்புங்கது ஒரு பக்கம் இருக்கட்டும் அண்ணாச்சி. அது வேலை செய்யதுக்கு எடம் எங்க இருக்கு? மூணு விரல் அளவு தாழ்த்தி வச்சிருக்கான். ஒவ்வொரு குழியிலயும் கீழ போயி அந்த ரப்பர்ல இடிக்கி. அக்கா முதுகுல ஏறுனது ஸ்பிரிங் இல்ல, இந்த இடிதான்."

"அப்ப மெத்துனு ஒரு ஸ்பிரிங்காப் போட்டுத் தூக்கி உடு."

"மெத்துன்னு போட்டா சின்னாறு வளைவுல தொட்டில் மாதிரி ஆடும். முதுகு தப்பிச்சிரும், வயிறு தப்பாது. வாந்தி எடுத்துக்கிட்டே மறையூர் போகவா?"

இதில் அரை நாள் போயிற்று. கடைசியில் இருவருமே கொஞ்சம் இறங்கி வந்தார்கள். கம்பெனி வைத்த உயரம். பழையதைவிட இளக்கமான, ஆனால் தளர்ச்சி இல்லாத ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குகிற மாதிரி புது ஷாக். ஸ்பிரிங்கைக் கோயமுத்தூர்ப் பட்டறையில் அளவு கொடுத்துச் சுற்றி வாங்கினார்கள். ஷாக் வெளிநாட்டிலிருந்து வந்தது. நடுத்தண்டில் மரை வெட்டி, ஒரு வளையம் போட்டிருந்தது. வளையத்தைத் திருகினால் அந்த மூலை ஏறும், இறங்கும். கேரளத்தில் வண்டியில் எதை மாற்றினாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேள்வி வருமே என்று ஒருவர் வந்து பயமுறுத்தினார். "நாம எங்க மாத்துதோம்? மாத்துனவன் மாத்துனதத் திருப்பி வைக்கோம்" என்றான் சுடலைமணி. அந்தப் பதில் அருள்குமாருக்கு ரொம்பப் பிடித்துப் போய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

வேலையில் பாதி அவனே செய்தான். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, சூடு காட்டி, கெட்ட வார்த்தையும் சேர்த்துக் கழற்றினான். இற்றுப்போன ரப்பர் புஷ்களை அழுத்தி வெளியே தள்ளிப் புதியவற்றை ஏற்றினான். ஏற்றிய ஜோரில், வண்டி ஸ்டாண்டு மேல் சக்கரம் தொங்கத் தொங்க நிற்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டான். இறக்கினால் வண்டி பொலிகாளை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது. சுடலைமணி டீ குடிக்கப் போயிருந்தவன் வந்து பார்த்து, சிரித்து முடித்த பிறகு, எல்லாவற்றையும் தளர்த்தி, சக்கரத்தைத் தரையில் ஊன்றவிட்டு மறுபடி இறுக்கச் சொன்னான். "இதெல்லாம் ஆவறதுதான்" என்று அருள்குமார் இறுக்கினான்.

பாக்கி இருந்தது எடை. கயிற்றுக் கட்டிலில் ஒரு கால் கட்டையாக இருந்தால் எதிர்மூலைக் கால்கள் இரண்டும் பாரத்தை வாங்கிக்கொண்டு கட்டில் ஆடுமே, வண்டியும் அப்படித்தான். நாலு சக்கரமும் அதனதன் பங்கைச் சுமக்கிறதா என்று நிறுத்துப் பார்த்து வளையத்தைத் திருக வேண்டும். அதற்குச் சமமான தரையும் நாலு தராசும் தேவை. பெரிய ஊரில் இதற்கென்றே கருவி வைத்திருப்பார்கள். கோவிந்தாபுரத்தில் தேங்காய் வியாபாரி குப்பண்ணன் இருந்தார். அவருடைய கிடங்கில் கோலிக்குண்டு போட்டால் உருளாத சிமெண்டுத் தரை. மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு இரண்டு. மாங்காய் மண்டியிலிருந்து இன்னும் இரண்டைக் கேட்டு வாங்கி வந்தார்கள்.

"என்ற தராசு பொய் சொல்லாதப்பா" என்றார் குப்பண்ணன்.

ஒரே தேங்காய் மூட்டையை நாலிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். மண்டித் தராசு ஒன்று மட்டும் கொஞ்சம் குறைத்துக் காட்டியது. மாங்காய்ப் பெட்டியின் எடைக்கென்று கழித்து வைத்தது அப்படியே இருந்திருக்கிறது. அதைச் சரி செய்து, நாலையும் சதுரமாக வைத்து, பலகை போட்டு வண்டியை மேலே ஏற்றினார்கள். ஓட்டுகிற ஆளின் எடையும் சேர வேண்டும் என்பதால் அருள்குமார் உள்ளே போய் உட்கார்ந்தான்.

"ஒத்தை ஆளுக்கா, ரெட்டை ஆளுக்கா?" என்று கேட்டான் சுடலைமணி.

"ரெட்டை ஆளுக்குத்தான். பின்ன இதெல்லாம் எதுக்குச் செய்யறேன்?"

"அப்ப அக்கா எடை சொல்லுங்க. லேசான வண்டி பாத்துக்கிடுங்க, ஆள் எடை தப்புனா எல்லாம் தப்பிரும்."

பொண்டாட்டியிடம் போய் "உன் எடை என்ன" என்று கேட்கிற ஆண்பிள்ளை அந்த வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் அருள்குமாருக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. முதுகு சரியானதும் செல்வப்பிரியா நேர்ந்துகொண்டபடி கோயிலில் துலாபாரம் கொடுத்தாள். பெரிய தராசின் ஒரு தட்டில் அவள். மறு தட்டில் அவள் எடைக்கு வெல்லம். அந்த வெல்லத்தை மறையூரிலிருந்து வாங்கித் தூக்கி வந்ததே அவன்தான். மிஞ்சியதை எடை போட்டுக் கழித்தும் வைத்திருந்தான்.

"சாமி முன்னால நிறுத்த எடையப்பா. இதுக்கு மேல கணக்கு வேணுமா?" என்றான்.

குப்பண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமி சாட்சி என்றதும் சுடலைமணியும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த எடைக்குத் தேங்காயை மூட்டை கட்டி இடது சீட்டில் உட்கார வைத்து, சரிந்துவிடாமல் இருக்க பெல்ட்டும் போட்டார்கள். காலையிலிருந்து உச்சிப்பொழுது வரை சுடலைமணி மூலைக்கு மூலை வளையத்தைத் திருகினான். ஒரு மூலையைத் தொட்டால் மற்ற மூன்றும் மாறும். ஒரு வழியாக எல்லாம் கூடி வந்தது. அருள்குமார் சீட்டிலிருந்தபடியே மீசையைத் தடவிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. தேங்காய் பறிக்கிற ஆட்கள் தோப்பில் வந்து காத்துக்கொண்டிருக்க, இவன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறான். செல்வப்பிரியா மூச்சு வாங்கக் கிடங்குக்குள் வந்தாள்.

"ஆளுக வந்து அரை மணி நேரமாச்சு! இங்க உக்காந்து என்னத்த..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். தராசுகளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். புருஷனுக்குப் பக்கத்தில் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மூட்டையைப் பார்த்தாள். "அதென்னுங்க மூட்டை?"

அருள்குமார் தொண்டையைச் செருமினான். சுடலைமணி சக்கரத்துக்குப் பின்னால் குனிந்துகொண்டான். வயசாளியான குப்பண்ணனுக்கு ஒளிக்கத் தெரியாது.

"அது நீதான் அம்மிணி" என்றார்.

செல்வப்பிரியா நடந்து போய் மூட்டையைத் தட்டிப் பார்த்தாள். அதன் இடுப்பை ஒரு கையால் அளந்தாள்.

"நானு இத்தனை பெருசா?"

"துலாபாரத்து எடை பிரியா. நானா ஒண்ணும் சொல்லல. சாமி..."

"சாமியா?" என்றாள். "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நெனப்பு இருக்குதுங்களா? தட்டு சமமா நின்னுச்சு. உங்கக்கா, சாமிக்குக் கொறையக் கூடாதுன்னு ரெண்டு உருண்டை போட்டாங்க. எங்கம்மா நாலு போட்டாங்க. கடைசியா நீங்க ஒரு கூடையவே தூக்கிக் கவுத்துனீங்க. வெல்லத் தட்டு தரையில போயி இடிச்சுது. நான் மேல தொங்கிட்டுக் கெடந்தேன். சாமிக்கு எச்சாக் குடுத்ததையெல்லாம் என்ற ஒடம்புல ஏத்துவீங்களா?"

அருள்குமாருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. கூடையும் ஞாபகம் வந்தது. அவள் எழுந்து நடந்த சந்தோஷத்தில் கவிழ்த்த கூடை அது.

சுடலைமணி எழுந்து நின்றான். "அவ்வளவு எச்சுன்னா செட்டிங் சரியா வராது அண்ணாச்சி. இவ்வளவு கனத்துக்கு வச்சிட்டு அக்கா உக்காந்தா இடது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். முதல்லருந்து பண்ணணும்."

"பண்ணிட்டாப் போச்சு. மூட்டையில கொஞ்சம் எடுத்துருவோம்" என்றான் அருள்குமார். அப்படிச் சொல்லிவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தான். எவ்வளவு எடுக்க என்று கேட்க வேண்டும். உலகத்தில் எதையும் ஆயிரும் என்று சொல்கிறவனுக்கு அந்த ஒரு கேள்வி வாயில் வரவில்லை.

செல்வப்பிரியா காத்திருந்தாள். அவன் கேட்க மாட்டான் என்று தெரிந்ததும் பெல்ட்டை அவிழ்த்தாள்.

"மூட்டைய எறக்குங்க" என்றாள் சுடலைமணியிடம். பிறகு புருஷனைப் பார்த்து, "இது இப்ப ஓடாதுங்களே?"

"தராசு மேல நிக்கற வண்டி எப்படி ஓடும்?"

"அப்பச் செரி. ஓடற வண்டியிலதான் ஏற மாட்டேன்னு சொன்னேன்."

முந்தானையைச் செருகிக்கொண்டு, கதவைத் திறந்து, ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்த சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி அவள் பக்கம் லேசாக அமிழ்ந்து நிமிர்ந்தது. "நெம்பரை யாரும் கூட்டிப் பாக்கக் கூடாது" என்று அங்கிருந்தே உத்தரவு போட்டாள். "எனக்குக் கூட்டலே வராது அக்கா" என்றான் சுடலைமணி. குப்பண்ணன் தேங்காய் எண்ணப் போவதாகச் சொல்லிக்கொண்டு கிடங்கின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்.

இரண்டு பேரும் அசையக் கூடாது. அசைந்தால் எண் ஓடும். தேங்காய்க் குவியலைப் பார்த்தபடி, எங்கேயோ பயணம் போகிறவர்களைப் போல, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தோப்பில் ஆட்கள் காத்திருப்பதை இருவருமே மறந்துவிட்டார்கள்.

"அஞ்சு வருசமா இந்த சீட்டு காலியாக் கெடந்துது பிரியா" என்றான் அவன், தலையைத் திருப்பாமல்.

"காலியாவா? தவுட்டு மூட்டை, சாவலு எல்லாம் சொகமா வந்துட்டுத்தான இருந்துச்சு."

"எனக்குச் சங்கட்டமாத்தான் இருந்துச்சு."

கீழே வளையம் திருகுகிற சத்தம் கேட்டது. அவன், "உன்ற முதுகுக்குத்தான் இத்தனையும்" என்றான்.

"என்ற முதுகு அப்பவே செரியாயிருச்சுங்க" என்றாள் அவள்.

அன்றைக்குத் தான் பார்த்த பணிவிடைக்குப் பாராட்டு என்று நினைத்து அவன் தலையாட்டினான்.

பால் காய்ச்சுக்குப் போகிற அன்றைக்கு அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அந்தப் பையில் பஸ்ஸுக்கென்று சில்லறை எடுத்து வைத்திருந்தது அவனுக்குத் தெரியும். படியில் ஒரு நிமிடம் நின்றாள். அவன் எதுவும் பேசவில்லை; வாழ்க்கையில் முதல்முறையாக "ஆயிரும்" என்றுகூடச் சொல்லவில்லை. அவளே கதவைத் திறந்து உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

செக்போஸ்ட்டில் அன்றைக்கு இரண்டு தலையைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, ஒருவர் நிஜமாகவே கையைத் தூக்கி நெற்றியில் வைத்தார்.

வண்டி போன அழகை என்ன சொல்ல! பொள்ளாச்சி ரோட்டில் டிப்பர் லாரிகள் கிளப்பிப் போட்டிருந்த பள்ளங்களில் சக்கரம் இறங்கி ஏறியது. மேலே மடியில் இருந்த பை நகரவில்லை. உடுமலை தாண்டி அவள் பையைக் காலடியில் வைத்துவிட்டுக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்தாள். "அந்த ஆளு என்ன இப்படி வந்து ஏர்றான், கண்ணு தெரியாதா?" என்று எதிரே வந்த வேன்காரனைத் திட்டினாள். அருள்குமாருக்குச் சந்தோஷம் தாளவில்லை. ஐந்து வருடமாக அவன் கேட்காத பாட்டு அது.

சின்னாறு செக்போஸ்ட்டில் பதிந்துவிட்டு, காட்டைக் கடந்து மலை ஏறினார்கள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயாமல், தவ்வாமல், சொன்ன இடத்தில் திரும்பியது. சந்தனக் காட்டு வேலி தொடங்கிவிட்டது. மறையூர் வந்துவிட்டது மாதிரிதான். எதிரே ஆள் இல்லாத ஒரு நீள வளைவு. இந்த வண்டியைச் செய்தவன் இதற்காகத்தான் செய்தான் என்று தோன்றுகிற வளைவு. அதற்காக அவன் கியரைக் குறைத்தபோது பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சித்த நிறுத்துங்க."

'இதா வந்தாச்சு' என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வளைவு முன்னால் விரிந்து கிடந்தது. அவன் பிரேக்கை மிதித்தான். வண்டி நேராகப் போய் ஓரத்துப் புல்லில் இறங்கி நின்றது. என்ஜினையும் அணைத்தான்.

"என்னாச்சு? முதுகா?" அவன் அவள் பக்கம் திரும்பினான். "வயித்தப் பெரட்டுதா? தண்ணி தரட்டுமா?"

"ஒண்ணும் இல்லீங்க."

"பின்ன?"

அவள் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரும்பு காய்ச்சுகிற வாசனை எங்கிருந்தோ வந்தது.

"அன்னைக்கு இந்த ஏத்தத்துலதான் மூணு தடவை சொன்னேன்" என்றாள்.

அருள்குமார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஸ்பிரிங், ஷாக், புஷ், நாலு தராசு என்று ஐந்து வருடம் சுற்றி வந்து நின்ற இடம் அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. முகம் சுட்டது.

"நான் ஸ்பிரிங்குன்னு நெனச்சுட்டேன் பிரியா" என்றான்.

"ஸ்பிரிங்கும் நல்லாத்தான் இருக்குது" என்றாள் அவள்.

"தப்புதான். அன்னைக்கே நிறுத்தியிருக்கோணும்."

அவள் அவன் தலையிலிருந்த துண்டு காற்றில் அவிழ்ந்து தொங்குவதைப் பார்த்து, கையை நீட்டி அதை இழுத்துச் செருகிவிட்டாள்.

"இன்னும் சித்த நேரம் நிக்கலாமா?" என்று கேட்டான்.

"வேண்டாமுங்க. நின்னுருச்சு, பாத்துட்டேன். போலாம்" என்று சொல்லிவிட்டுப் பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். "அந்த வளைவைச் சித்த வேகமாத்தான் போங்க. கியரெல்லாம் கொறச்சு ஆசையா வந்தீங்க, பாத்துட்டுத்தான் இருந்தேன்."